முள் பூஜ்ஜியத்தில் நின்றாலும்

பெரியார் நகர் இளங்கோவன் மூன்று ஆண்டுகளாக ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் பேசிவருகிறார். பால் வாங்கும்போதும் அதுதான், மகளின் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸிடம் பேசும்போதும் அதுதான், கால் இடறி விழுந்தால் அம்மா என்று கத்தவேண்டிய இடத்திலும் அதுதான். "முள் பூஜ்ஜியத்தில் நின்றாலும் உள்ளே ஆவி இருக்கும், கீழ் வால்வைத் திறந்து, சீறல் அடங்கிய பிறகே மூடியைத் தொடவும்." அரை லிட்டரா ஒரு லிட்டரா என்பது, 'தொடவும்' என்பதை அவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதில் பால்காரருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் சண்டை வந்தாலும் அதே வாக்கியத்தைத்தான் சத்தமாகச் சொல்கிறார். ஊருக்கு இது பழகிவிட்டது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இன்னும் பழகாத விஷயம் என்று ஒன்று உண்டென்றால் அது பாலாற்றில் தண்ணீர் வருவதுதான்; அதைப் பார்க்க மட்டும் இன்னமும் குடும்பத்தோடு போய் பாலத்தின்மேல் நிற்கிறார்கள்.

அந்த வாக்கியம் அவருடையதல்ல. அதை எழுதியவள் முசரவாக்கம் முனுசாமியின் மகள் சுகாசினி. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் வேறு யாரும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கல்யாண மண்டபங்களுக்கும் ஹாஸ்டல்களுக்கும் ஆவியில் சோறு வேகவைக்கும் ஸ்டீல் அண்டாக்கள் செய்கிறது. ஆளுயர அண்டா, இரட்டைச் சுவர், மேலே சக்கரம் வைத்த மூடி. அண்டாவோடு ஒரு புத்தகமும் போகும். எந்த வால்வை எப்போது திறப்பது, எதைத் தொட்டால் கை போகும் என்று சொல்கிற அந்தப் புத்தகத்தை எழுதுவதுதான் சுகாசினியின் வேலை. கண்ணாடிக் கதவில் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய அறையில், டெக்னிக்கல் ரைட்டர் என்ற அடையாள அட்டையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். அட்டையில் பெயர் உண்டு, புத்தகத்தில் கிடையாது. ரைட்டர் என்றதும் மாமியார், "நம்ம வூட்டுப் பொண்ணு கத எழுதுதாம்" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்து, கதை ஒன்றும் வராததால் பிறகு அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். டூ வீலர் ஷோரூமில் வேலை செய்த கணவன் லோகேஸ்வரன், விளக்கிச் சொல்லச் சோம்பல்பட்டு, "ஐ.டி.ல இருக்கா" என்று முடித்துக்கொள்வான். வாங்கியவர்களோ புத்தகத்தை மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தார்கள், அல்லது சுடுபாத்திரம் இறக்கிவைத்தார்கள். இத்தனைக்கும் அவள் ஒவ்வொரு வரியையும் அண்டாவின் பக்கத்தில் போய் நின்று பார்த்துத்தான் எழுதினாள்.

அவளுக்கென்று உலகத்தில் ஒரே ஒரு வாசகர் இருந்தார். அவளுடைய அண்ணன் ராமராஜன். வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல்காரர். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ராமராஜன் தங்கை எழுதிய கையேடுகளை, தன் மண்டபத்தில் இல்லாத மெஷின்களுடையதைக்கூட, கேட்டு வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படிப்பார். வெங்காயம் உரிக்கிறவர்களை உட்காரவைத்துச் சத்தமாக வாசித்தும் காட்டுவார். "இத பாரு, மூணாவது படி முடிஞ்சாதான் நாலாவது படி. எவ்ளோ கரெக்டா சொல்லியிருக்குது பாரு எங்க சுகா" என்பார். வெங்காயம் உரித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது வெங்காயத்தால்தான் என்றாலும் ராமராஜன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த அண்டாவில் ஒரு கோணல் இருந்தது. அழுத்தம் காட்டும் முள் மேல்பகுதியோடு மட்டும் இணைந்திருந்தது. மேலே ஆவி இறங்கியதும் முள் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். ஆனால் இரட்டைச் சுவருக்கு நடுவில் ஆவி பதுங்கியிருக்கும். அந்த நேரத்தில் மூடியைத் தளர்த்தினால் அது எழும்பி, திறந்தவரின் மேல் பாயும். முள்ளின் இடத்தை மாற்றச் செலவாகும் என்று கம்பெனி மாற்றவில்லை. பதிலாக சுகாசினியைக் கூப்பிட்டு, புத்தகத்தில் ஒரு வரி போட்டுவிடச் சொன்னார்கள். இரும்பில் செய்யவேண்டிய வேலையை ஒரு வரியின் தலையில் கட்டினார்கள் என்ற ஆத்திரம் அவளுக்கு அன்றே இருந்தது. சரி, வரி என்றால் வரியாவது உருப்படியாக இருக்கட்டும் என்று பல நாள் அடித்து அடித்து எழுதி, கடைசியில் அவள் கொண்டுவந்து நிறுத்தியதுதான் இளங்கோவன் இப்போது பேசும் வாக்கியம். அதில் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரே எச்சரிக்கையைப் பல புத்தகங்களில் தனித்தனியாக எழுத மாட்டார்கள். கம்ப்யூட்டரில் ஓரிடத்தில் ஒருமுறை எழுதிவைத்துவிடுவார்கள். எல்லாப் புத்தகங்களும் அங்கே வந்து அந்த வரியை எடுத்துக்கொள்ளும். ஒரு தெருவுக்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருப்பது மாதிரி. சுகாசினியின் வாக்கியமும் அப்படித்தான் ஓரிடத்தில் இருந்துகொண்டு சின்ன அண்டா, பெரிய அண்டா, தமிழ், தெலுங்கு, இந்தி என்று எல்லாப் புத்தகங்களிலும் நின்றது. அந்த நேரத்தில்தான் இளங்கோவன் துறைக்குத் தலைவராக வந்தார். கெட்டவர் அல்ல. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. பக்கங்களைக் குறைத்தால் அச்சுச் செலவு குறையும் என்று மேலே சொல்லிவிட்டு வந்தவர், எல்லாப் புத்தகங்களையும் பிரின்ட் எடுத்து மேசைமேல் பரப்பினார். எங்கே பார்த்தாலும் ஒரே வரி.

"இன்னாம்மா, ஒரே லைன எத்தன வாட்டி எழுதுவ? காப்பி அடிச்சி அடிச்சிப் பக்கத்த ரொப்பிக்கினு இருக்கியா?"

"சார், அது நெறைய லைன் இல்ல. ஒரே லைன்தான். ஒரு எடத்துல இருக்குது, எல்லா புக்கும் அத எடுத்துக்கினு போவுது."

இளங்கோவன் தலையாட்டினார். புரியாதவர்கள்தான் அவ்வளவு வேகமாகத் தலையாட்டுவார்கள். அப்பா முனுசாமியின் கண் ஆபரேஷனுக்காக சுகாசினி லீவில் போன வாரத்தில், அவர் தானே உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் திறந்தார். மற்றவற்றில்தான் இருக்கிறதே, இதில் எதற்கு என்று அந்த வாக்கியத்தை அழித்தார். பட்டு கட்டிய மணப்பெண்கள் எத்தனை பேருடைய கல்யாணச் சோறு அந்த ஒரு வரியை நம்பி வெந்துகொண்டிருந்ததோ, அத்தனை புத்தகங்களிலிருந்தும் அது ஒரே நொடியில் போயிற்று. தெலுங்கில் போயிற்று, இந்தியில் போயிற்று. பக்கம் குறைந்ததற்காக அறையில் கேக் வெட்டினார்கள். திரும்பி வந்த சுகாசினியின் மேசையிலும் ஒரு துண்டு காய்ந்துபோய் இருந்தது.

அழித்தது யார் என்பதைக் கம்ப்யூட்டர் அவளுக்கு உடனே காட்டிவிட்டது. ஆனால் பாதுகாப்பு வரி ஒன்றைத் திருப்பி வைக்கவேண்டுமென்றால் மாற்றக் கமிட்டி கூடி ஒப்புதல் தரவேண்டும். கமிட்டிக்குத் தலைவர் இளங்கோவன். காரணம் என்ற இடத்தில் 'தவறுதலாக அழிக்கப்பட்டது' என்று அவர்தான் எழுதவேண்டும். அவரும் எழுதத்தான் போகிறார், அடுத்த பதிப்பில். சுகாசினி டிக்கெட் போட்டாள். கம்பெனியில் புகார் மனுவுக்கு அதுதான் பெயர். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. மெயில் போட்டாள், பரிசீலனையில் உள்ளது. நேரில் போய் நின்றாள். "வைக்கலாம்மா, இப்ப இன்னா, ஊரே எரிஞ்சிக்கினு இருக்குதா?" என்றார். வீட்டில் அவள் தட்டுகளைப் போட்ட போட்டில் லோகேஸ்வரன், "ஆபீஸ் கோவத்த ஆபீஸ்லயே வுட்டுட்டு வாயேன்" என்றான். அன்றிலிருந்து அவளுடைய கோபத்துக்கு இருக்க இடமில்லாமல் போயிற்று.

ஆவணி மாதத்து முகூர்த்தத்தன்று காலையில் அவள் மறுபடியும் இளங்கோவனின் அறையில் அந்த வரிக்காக நின்றுகொண்டிருந்தபோது, அவளுடைய போன் சத்தமில்லாமல் மேசைமேல் அதிர்ந்தது. அண்ணன். அவள் கட் செய்தாள். பிறகு ஒரு போட்டோ வந்தது; அதையும் வெளியே போய்ப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். புது அண்டாவின் முன்னால் அவளுடைய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ராமராஜன் நிற்கிற போட்டோ அது. கீழே, 'உன் புக்கு எங்க மண்டபத்துக்கே வந்துட்ச்சு மா' என்று எழுதியிருந்தார். தங்கையிடம் முன்கூட்டியே சொல்லாமல், வந்து இறங்கிய பிறகு காட்டி அசத்தவேண்டும் என்று வைத்திருந்தாராம். இந்த அண்டாவின் புத்தகம் மட்டும் அதுவரை அவர் கைக்கு வந்ததில்லை. அதன் பிறகு ராமராஜன் உதவியாட்களைப் பக்கத்தில் நிறுத்தி, புத்தகத்தை விரித்து, படிப்படியாக வாசித்துக்கொண்டே சமைத்தார். புத்தகம் சொன்னது எதையும் விடவில்லை, சொல்லாதது எதையும் செய்யவில்லை. முள் பூஜ்ஜியத்துக்கு வந்தது. அடுத்த படி: மூடியைத் திறக்கவும். திறந்தார்.

இரண்டு கைகளும் கழுத்தும் வெந்தன. கண் தப்பியது, உயிரும் தப்பியது. மற்றவர்களாக இருந்தால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய அண்டா பழக்கத்தில் கொஞ்சம் காத்திருந்து தப்பித்திருப்பார்கள். அந்தக் கையேட்டை ஒழுங்காகப் படித்த ஒரே மனுஷன்தான் அதனால் வெந்தான். இதற்குமேல் இதில் சொல்ல என்ன இருக்கிறது? கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து அண்டாவைப் படம்பிடித்து, பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். கையேட்டில் குறை ஒன்றும் இல்லை என்று இளங்கோவன் அதன் கீழே கையெழுத்திட்டார். மறுநாள் காலை மனைவி புவனேஸ்வரி, காபியா டீயா என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். "முள் பூஜ்ஜியத்தில் நின்றாலும்" என்று தொடங்கி அந்த வாக்கியம் முழுதாக வந்தது. அவள் சிரித்தாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது முறை அவர் அழுதுகொண்டே சொன்னபோது அவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

புவனேஸ்வரி அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய்த் தொண்டை டாக்டரிடம் காட்டினாள். தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொடவைத்தாள், வெள்ளிப் பல்லியையும் தொடவைத்தாள். எழுத்தாணியும் ஓலையும் கையில் பிடித்து உட்கார்ந்திருக்கும் சித்திரகுப்தர் கோயிலில் அவரை நிறுத்தி, ஏதாவது எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளும்படி வேண்டினாள். அர்ச்சகர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். இளங்கோவன் கீழ் வால்வைத் திறக்கச் சொன்னார். ஆபீஸில் விஷயம் பரவி, சுகாசினி ஏதோ செய்துவிட்டாள் என்று பேச்சு வந்தது. ஒரு மாலை புவனேஸ்வரி வீடு தேடியே வந்துவிட்டாள்.

"எதுவா இருந்தாலும் எடுத்துடுமா. கொழந்தைக்கு ரைம்ஸ் சொல்லித்தரச் சொன்னாகூட அதான் வருது."

"நான் சாபம்லாம் வுடலக்கா. டிக்கெட்தான் போட்டேன்."

"டிக்கெட்டா?"

சுகாசினி நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். எங்கும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அடுப்பு எரியாமலே அடுப்படியில் இருந்த குக்கர் விசில் அடித்தது. லோகேஸ்வரன் போய்ப் பார்த்தான். உள்ளே பச்சைத்தண்ணீர்தான் இருந்தது. புவனேஸ்வரி, "அவரு பைத்தியம் புடிச்சி உளறிக்கினு இருக்காருன்னு நெனச்சேன். இது ஒரு மனுஷனக் காப்பாத்தற பேச்சாம்மா?" என்று கேட்டாள். போகும்போது ஆஸ்பத்திரி வார்டு எது என்று விசாரித்துக்கொண்டு போனாள். மறுநாள் ராமராஜனுக்கு இளநீர் வந்தது.

தை பிறந்தால் வரிசையாக முகூர்த்தங்கள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ அண்டாக்கள் வரியில்லாத புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தன. சுகாசினிக்குத் தூக்கம் போயிற்று. தினமும் மண்டபங்களின் நம்பர் தேடிப் போன் செய்து வாக்கியத்தைச் சொல்வாள், பாதிப்பேர் ஏதோ விளம்பரம் என்று வைத்துவிடுவார்கள். அப்போது மனிதவளத் துறையின் கீர்த்தி அவளைக் கூப்பிட்டு, நல்ல டீ வாங்கிக்கொடுத்து, ஒரு தாளை நீட்டினாள். அந்த வரியைத் தவறவிட்டது எழுதியவரான நான்தான் என்று சுகாசினி கையெழுத்திட வேண்டும். போட்டால் வரி அன்றைக்கே உள்ளே போகும், வேலையும் போகாது. லோகேஸ்வரன் யோசித்துவிட்டு, "போட்டுக் குடுத்துடு சுகா. யார் பேருல போனா இன்னா, லைன் உள்ள போவணும். இன்னொருத்தன் கை வேவக்கூடாதுல்ல" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

தாளை எடுத்துக்கொண்டு அவள் அண்ணனிடம் போனாள். தோள்வரை கட்டுப்போட்ட கைகளைத் தலையணைகளின்மேல் வைத்துக்கொண்டு, அவள் பிடித்துக்காட்ட, ராமராஜன் அதைப் படித்தார். எதையும் முழுதாகப் படிக்கிற மனுஷன். கம்பெனி முகவரிவரைக்கும் படித்தார்.

"பென்சில் புடிக்கக்கூட எனக்குக் கை இல்ல இப்போ. ஒனக்கு இருக்குது. அதுக்காவ எங்க சொன்னாலும் போட்டுடுவியா?"

"இல்லண்ணா, தை மாசம் வருது."

"வரட்டும். நீ எழுதின, அவன் அழிச்சான். நான் வெந்தேன். இதுல எத மாத்தி எழுதப்போற? எழுதறதுதான ஒன் வேல, ஒயுங்கா எழுதும்மா."

அவள் அந்தத் தாளை அங்கேயே கிழித்து ஆஸ்பத்திரிக் குப்பைக்கூடையில் போட்டாள். ராமராஜன் கண்ணை மூடிக்கொண்டார்.

மாற்றக் கமிட்டி கூடவேண்டிய நாள் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடித்தான் ஆகவேண்டும், அது விதி. பேசமுடியாவிட்டாலும் இளங்கோவன்தான் தலைவர், அதுவும் விதி. கூட்டத்தில் தலைவர் சொல்வதை ஒரு சொல்கூட மாற்றாமல் அங்கேயே பதிவுசெய்வது எழுத்தாளரின் வேலை. தலைவர் வாயால் சொன்ன திருத்தத்துக்கு வேறு ஒப்புதல் தேவையில்லை. இந்த விதிகளை இத்தனை காலம் அவள் தலையில் மிளகாய் அரைக்கத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். சுகாசினி தன் டிக்கெட்டைப் படித்தாள். அழிக்கப்பட்ட இடத்தில் என்ன வரவேண்டும் என்று தலைவரைக் கேட்டாள். இளங்கோவன் எழுந்து நின்றார். சொன்னார். அவள் சொல் சொல்லாக டைப் செய்தாள்.

"அத எழுதாதீங்க சுகாசினி, அவருக்கு உடம்பு சரியில்ல."

"தலைவர் சொன்னத அப்படியே எழுதணும் மேடம். ரூல்."

கீர்த்தி மேசையைத் தட்டி, இது செல்லாது என்று சொல்வதற்காக வாயைத் திறந்தாள். முள் பூஜ்ஜியத்தில் நின்றாலும் உள்ளே ஆவி இருக்கும் என்றாள். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற உறுப்பினர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மௌனமாக இருந்தார்கள். மறுப்பு எதுவும் இல்லை என்று சுகாசினி பதிவுசெய்தாள்.

வாக்கியம் எல்லாப் புத்தகங்களுக்கும் திரும்பியது. கம்ப்யூட்டரில் திரும்பியதில் ஆச்சரியமில்லை. ஏற்கெனவே அச்சாகிக் கும்பகோணத்துக்கும் நெல்லூருக்கும் போய்விட்ட புத்தகங்களிலும், அந்தந்த மொழியில், அதனதன் இடத்தில் வரி தோன்றியது; தடவிப் பார்த்தவர்கள் விரலில் மை ஒட்டியது. பெரும்பாலான மண்டபங்களில் யாரும் புத்தகத்தைத் திறக்காததால் இது தெரியவரவில்லை. கவனக்குறைவு என்ற அறிக்கையை கீர்த்தி தன் கையாலேயே ரத்துசெய்தாள், அந்த வாரமே அவளுக்குப் பேச்சு திரும்பியது. ராமராஜனின் சிகிச்சையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. முள்ளின் இடத்தை மட்டும் இன்றுவரை மாற்றவில்லை. இளங்கோவனுக்கும் பேச்சு திரும்பிவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பவில்லை. ராமராஜனின் கைத்தோலும்தான் திரும்பவில்லை, அதற்காக யாரும் பல்லியைத் தொடவில்லை.

கம்பெனி இளங்கோவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. முகூர்த்த நாட்களில் மண்டபம் மண்டபமாக அனுப்புகிறது. அண்டாவின் பக்கத்தில் நின்று, மூடி திறப்பதற்கு முன்னால் சொல்வது அவருடைய வேலை. வாலாஜாபாத் ரோட்டு மண்டபத்தில், மடங்காத விரல்களோடு வேலைக்குத் திரும்பிய ராமராஜன் முள் இறங்கியதும், "சொல்லுங்க சார்" என்பார். அவர் சொல்வார். சீறல் அடங்கும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இளங்கோவன் சொல்லாமல் மூடியைத் திறந்த சோற்றை இப்போது காஞ்சிபுரத்தில் பெண்வீட்டார் ஏற்பதில்லை. சிலர் தாம்பூலத்தோடு அவருக்கு வேட்டியும் வைக்கிறார்கள்.

சுகாசினியின் கோபம் தீரவில்லை. தீரவேண்டும் என்று அவளிடம் யார் சொன்னாலும் அந்த வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது. கேஸ் மிச்சம் என்று லோகேஸ்வரன் அதில் பருப்பு வைக்கப் பழகிக்கொண்டான். போன மாதம் ரங்கசாமி குளம் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு அவள் நின்றிருந்தபோது இளங்கோவன் வந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இவ்வளவு காலமும் அவள் இருக்கும் பக்கம் அவர் வந்ததில்லை. எதிரில் நின்று, இரண்டு கைகளையும் கூப்பி, ஒவ்வொரு சொல்லாக, பால்காரரிடமும் பெண்டாட்டியிடமும் சொல்லாத ஒரு குரலில் அந்த வாக்கியத்தை முழுதாகச் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் கடைசிச் சொல்வரை, எங்காவது பிழை வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிழை இல்லை.

"தெரியும் சார்" என்றாள். "நான்தான எழுதினேன்."

பஸ் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள்.